மூன்று நாள் பயிற்சியும் ஒரு கைப்பேசியும்

அங்கன்வாடியில் சோறு மட்டும் போதாது, படிப்பும் வேண்டும் என்று சொல்லி மத்திய அரசு 2023 மே மாதம் ‘போஷண் பி, படாய் பி’ திட்டத்தைத் தொடங்கியது. மறு ஆண்டு பாடத்திட்டமும் வந்தது. மூன்று வயதுக்குக் கீழே ‘நவசேதனா’, மூன்றிலிருந்து ஆறு வரை ‘ஆதார்ஷிலா’. தினமும் இரண்டு மணி நேரமாவது முன்பருவக் கல்வி நடக்க வேண்டும்; அதற்குப் பணியாளருக்கு மூன்று நாள் பயிற்சி. 2021 மார்ச்சிலிருந்தே ‘போஷண் டிராக்கர்’ செயலியும் அவர் கையில் இருக்கிறது. பயிற்சி, செயலி இரண்டுமே தேவையானவைதான். இரண்டும் ஒரே டீச்சரின் ஒரே முற்பகலுக்குப் போட்டி போடுவதுதான் சிக்கல். அதைக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தெளிவாகவே பார்க்கலாம்.

முதலில் செயலிக்குரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கும் தேர்வாய்கண்டிகைக்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாக் குடும்பங்கள் குழந்தைகளோடு வந்து, மழைக்கு முன் ஊர் திரும்புகின்றன. நோட்டுப் புத்தகக் காலத்தில் அந்தக் குழந்தை எந்த ஊர்க் கணக்கிலும் நிற்காது. இப்போது ஒரு மையத்தில் பதிந்த பெயரை மாநிலம் தாண்டியும் வேறு மையத்துக்கு மாற்ற முடிகிறது. செயலியே வேண்டாம் என்பவர்கள் இந்த ஒரு வசதிக்காவது பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் கணக்கெடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1980இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தை எது என்று ஊரிலேயே தெரிந்துவிடும். அதற்குக் கூடுதல் உணவு, தாய்க்கு அறிவுரை எல்லாம் அங்கேயே தொடங்கும். அளந்தவரே அளவைப் பயன்படுத்தினார். இன்று டீச்சர் உயரமும் எடையும் எடுத்துப் பதிவு செய்கிறார். அந்த எண் மேலே போகிறது. மேலிருந்து அவருக்கு வருவதோ பெரும்பாலும் ‘இன்னும் இத்தனை பேர் பாக்கி’ என்ற நினைவூட்டல்தான். ஒரு குழந்தையைப் பற்றிய தகவல், அந்தக் குழந்தைக்கு முன்னால் நிற்பவருக்கு உதவாமல் தில்லிக்கு உதவினால், அது கண்காணிப்பு. கருவி என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2025 ஜூலையிலிருந்து, வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவுக்கும் செயலியில் முகம் காட்ட வேண்டும். ஆதார் சரிபார்ப்புக்கான ஓடிபி கணவரின் போனுக்கு வரும். கணவரோ ஷிப்டில் இருப்பார். தாய் மாவு வாங்க வந்து நிற்கிறார், டீச்சர் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார், பின்னால் பாதி வண்ணம் தீட்டிய தாள்களோடு பிள்ளைகள் கலைந்து ஓடுகிறார்கள். ‘இரண்டு மணி நேரக் கல்வி’ கரைவது இப்படித்தான்.

பயிற்சிக்கு வருவோம். ஆதார்ஷிலா 48 வார அட்டவணை; விளையாட்டு, கதை, பாட்டு என்று நல்ல பொருள்தான். தமிழ்நாட்டுக்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டம் ஏற்கெனவே பழக்கம் என்பதால் அந்நியமாகவும் இல்லை. ஆனால் மாநிலப் பயிற்றுநர்களுக்கு முதலில் சொல்லித் தந்து, பிறகு அவர்கள் டீச்சருக்குச் சொல்லித் தரும் முறையில், கடைசிப் படிக்கு வந்து சேர்வது சாரம்கூட அல்ல, ஸ்லைடுகள். தாய்மொழியில் தொடங்கு என்று பாடத்திட்டம் சொல்கிறது. ஆரம்பாக்கம் பக்கத்து எல்லை ஊர்களில் தெலுங்கு, சிப்காட் லைன் வீடுகளில் இந்தியும் போஜ்புரியும், சூளைகளில் ஒடியா. எந்தத் தாய்மொழியில் தொடங்குவது? மண்டபத்தில் நடக்கும் மூன்று நாள் வகுப்பில் இதற்கு விடை கிடைக்காது. மையத்துக்கே வந்து, ஒரு நாள் கூடவே உட்கார்ந்து, பாடம் நடத்திக் காட்டும் ஆள் வேண்டும். முன்பு பயிற்சி மையங்களில் நடந்த வேலைப் பயிற்சியே 26 நாள். தேசியக் கல்விக் கொள்கை 2020 பேசிய ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பும் டிடிஎச், ஸ்மார்ட்போன் வழியாகத்தான் நடக்குமாம். வேலையிலிருப்பவர் அதை எந்த நேரத்தில் படிப்பார் என்று கொள்கை விளக்கவில்லை.

நேரம்தான் பற்றாக்குறை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் இங்கே 320 அங்கன்வாடிகளில் ஆய்வு செய்தார்கள். அவற்றில் ஒரு பகுதிக்கு, முன்பருவக் கல்விக்கென்றே அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அந்த மையங்களில் கற்பித்தல் நேரம் இரு மடங்கானது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலைக்கு நேரம் கிடைத்ததால் ஊட்டக்குறைவும் குறைந்தது. புதுச் செயலி இல்லை, டேப்லெட் இல்லை. ஒரு ஆள் கூடினார், அவ்வளவே.

2019இல் அரசுப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியபோது மாநில அரசும் தனி ஆசிரியர் என்ற இதே வழிக்குத்தான் வந்தது. 2022இல் ஆசிரியர்களைத் திரும்ப அழைத்ததும், எதிர்ப்பு வந்த பிறகு வகுப்புகள் தொடரும் என்று அறிவித்ததும் அந்த வழியின் நம்பகத்தைக் கெடுத்தன.

பணியாளர் சங்கங்கள் புதிய போன் கேட்பது நியாயம். பழைய போனில் செயலி திறப்பதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். ஆனாலும் அடுத்த ஒதுக்கீட்டில் முதல் செலவு போனாக இருக்கக் கூடாது. கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தின் தொழிற்பேட்டை ஊர்களில் மையத்துக்கு ஒரு அரைநேர ஆசிரியரை, முடிந்தால் இந்தியோ ஒடியாவோ தெரிந்த பெண்ணை, மாநில அரசு நியமிக்கட்டும். முற்பகல் இரண்டு மணி நேரம் எந்தப் பதிவும் கேட்கக் கூடாது என்று ஓர் ஆணையும் போடட்டும். அந்த ஆணைக்குச் செலவே கிடையாது.