வெள்வேலா நிழல்

காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் காடுகளில் சித்திரை வெயிலிலும் மாடுகள் நிம்மதியாகப் படுத்து அசைபோடுகின்றன என்றால், அது வெள்வேலா மரங்களின் தயவு. புளியமரத்தின் அடர்ந்த நிழலில் புல் தலையெடுப்பது அரிது. வெள்வேலாவின் நிழலோ சல்லடையில் சலித்துப் போட்டதுபோல மெல்லியது. மரத்தடி வரைக்கும் கொழுக்கட்டைப் புல் தழைத்து நிற்கும். மேய்ச்சல் காட்டுக்கு இதுதான் மரம் என்று கண்டவர்களின் கண்ணை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இங்கே நடுவதைவிட விட்டுவைப்பதில்தான் கைப்பக்குவம். செம்மறிகள் தின்ற காய்களின் விதைகள் புழுக்கையோடு விழுந்து மழைக்கு முளைக்கின்றன. அவற்றில் நேராக எழும் கன்றைப் பார்த்துவைத்து, முள் வளைத்து, ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வரும்வரை காக்க வேண்டும். அதற்குப் பொறுமை நிறையவே வேண்டும். வெளிறிய பட்டையைத் தடவிப் பார்த்தால் இளமரம் வழவழக்கும், முதிர்ந்தது சொரசொரக்கும். கோடையில் புல் காய்ந்து சருகாகிற நேரத்தில் முற்றிய காய்கள் உதிரத் தொடங்கும். கிளுவை வேலியோரம் ஒதுங்கியிருந்த ஆடுகள் முண்டியடித்து ஓடிவருகின்றன. பிறகு காடெங்கும் கறுக் மொறுக்கென்று மெல்லும் சத்தம்தான்.