பக்கத்துக் கரையில் உட்கார்ந்தவரைக் கேளுங்கள்

கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். குழியில் காலை இறக்கி உட்காரும் நெசவாளர் ஒருவர். கரைக்கு வேறு நிறம் என்பதால் அந்தப் பக்கத்து நாடாவைத் தள்ள இன்னொருவர். மூன்று நாடா ஓடும். உடல் நூலும் கரை நூலும் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடிக்க வேண்டும். ஓர் இழை நழுவினாலும் சேலையைத் திருப்பிப் பார்க்கிறவர் கண்டுபிடித்துவிடுவார்.

நான் தாமலில் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் இருந்த பெரியவர் ஒருவரின் கோர்வையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசி நுழைய இடம் இருக்காது. அவர் வாயும் கையும் மட்டும் அடங்காதவை. பக்கத்து நாடா போட்ட பையன் ஒரு தடவை தவறினால் கையில் இருக்கும் கட்டையால் தலையில் ஒரு போடு விழும். முதலாளி வீட்டுக்கும் நேராகப் போய்க் கூலிக் கணக்கில் சண்டை போடுவார். பல வருடம் கழித்து ஊர் கூடி அவருக்குப் பொன்னாடை போர்த்தியபோது அந்தப் பையன் வளர்ந்த ஆளாகிக் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றிருந்தார். கை தட்டவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. உச்சந்தலையை மட்டும் ஒருமுறை தடவிக்கொண்டார்.

கூட வாழக் கடினமான மனிதர்களுக்கு அணியின் பெயரால் மரியாதை செய்யலாமா என்ற கேள்வி கால்பந்தில் திரும்பத் திரும்ப எழுகிறது. அது எழும்போதெல்லாம் எனக்கு அந்தக் கை நினைவுக்கு வரும். உணர்ச்சியை வைத்துத் தீர்க்கக்கூடிய கேள்வி இல்லை இது. ஆள் ஆளாக எடுத்து எடைபோட வேண்டும்.

நம் ஊர் அணியிலிருந்தே தொடங்கலாம். 2014ல் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தபோது சென்னையின் எஃப்சி அணிக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வந்தவர் மார்கோ மாத்தெராட்ஸி. 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜினதீன் ஜிதான் தலையால் மோதி வீழ்த்தினாரே, அவர்தான். அன்று மாத்தெராட்ஸியின் வாயும் சும்மா இருக்கவில்லை. ஜிதானுக்கு மூன்று ஆட்டத் தடை விதித்த ஃபிஃபா இவருக்கும் இரண்டு ஆட்டத் தடை விதித்தது. அதற்கு முன்பே, 2004ல், சியெனா அணி வீரர் ஒருவரை ஆட்டம் முடிந்தபின் குத்தியதற்காக இத்தாலியில் இரண்டு மாதம் விலக்கிவைக்கப்பட்டவர். அவரோடு வந்த பிரேசில்காரர் எலானோ முதல் பருவத்திலேயே 8 கோல் அடித்துத் தங்கக் காலணியை வென்றார்.

2015ல் அணி நவம்பர் மாதத்தில் பட்டியலின் அடியில் கிடந்தது. அங்கிருந்து எழுந்து அரையிறுதிக்கு வந்தது. டிசம்பரில் சென்னையும் காஞ்சிபுரமும் வெள்ளத்தில் மூழ்கியிருக்க, சொந்த மைதானத்தில் நடக்க வேண்டிய அரையிறுதி ஆட்டம் புனேவுக்குப் போனது. சொந்த ஊரில் ஆடும் வாய்ப்பை இழந்த அணி கொல்கத்தாவை 3-0 என்று வென்றது. டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதியாட்டம். 87வது நிமிடத்தில் 1-2 என்று பின்தங்கியிருந்த அணி, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் கிடைக்க 3-2 என்று கோப்பையைத் தூக்கியது. வெற்றி கோல் ஸ்டீவன் மெண்டோசாவுடையது. அந்த ஆண்டு அவர் அடித்தவை மொத்தம் 13.

அதே இரவில் எலானோ கைதானார். கோவா அணியின் இணை உரிமையாளரைத் தாக்கினார் என்பது புகார். ஜாமீனில் வந்தார், புகாரும் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் மறுநாள் பேச்செல்லாம் காவல் நிலையத்தைப் பற்றியே இருந்தது. வெள்ளத்தில் வீடு நனைந்த ஊருக்குக் கிடைத்த ஒரே மகிழ்ச்சியான செய்தி அதற்குப் பின்னால் போய்விட்டது.

இப்போது எதிர்த்தரப்பின் வாதத்தைக் கேட்போம். அது எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. அணி மரியாதை என்பது அணியின் பெயரால் தரப்படுவது. கோல் கணக்குக்கு ஏற்கெனவே தங்கக் காலணி இருக்கிறது. சுவரில் படம் மாட்டுவதும், சட்டை எண்ணை ஓய்வுக்கு அனுப்புவதும், பார்வையாளர் மாடத்துக்குப் பெயர் வைப்பதும் ‘இவர் நம்மவர்’ என்று ஊருக்குச் சொல்லும் காரியங்கள். அணியைக் கிழித்தவருக்கு அதைச் சொன்னால், வாய் திறக்காமல் உழைத்தவர்களை என்ன செய்வது? பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் திறமை இருந்தால் எதுவும் செல்லும் என்று படித்துக்கொள்ள மாட்டார்களா?

இந்த வாதத்தை எழுத்துக்கு எழுத்து நடத்திப் பார்த்தார்கள் அமெரிக்கக் கால்பந்தில். டெரல் ஓவன்ஸ் ஓய்வு பெற்றபோது, பந்தைப் பிடித்துக் கடந்த தூரத்தில் அந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே இரண்டாம் இடத்தில் இருந்தார், 15,934 கெஜம். காலெலும்பு முறிந்து ஏழே வாரத்தில், 2005 பிப்ரவரியில், இறுதியாட்டத்தில் இறங்கி 9 பந்து பிடித்தார். அதே ஆண்டு நவம்பரில் அவரது வாயைப் பொறுக்க முடியாமல் பிலடெல்பியா அணி அவரை விலக்கிவைத்தது. புகழ் மண்டபத்துக்கு 2016லும் 2017லும் அவர் பெயர் தோற்றது. ஓய்வறையில் பிளவு உண்டாக்கியவர் என்பது வாக்களித்தவர்கள் சிலர் வெளிப்படையாகச் சொன்ன காரணம். 2018ல் தேர்வானபோது விழாவுக்கே போகாமல் தான் படித்த சட்டனூகா பல்கலைக்கழகத்தில் தனி விழா நடத்திக்கொண்டார். இரண்டு வருடக் காத்திருப்பில் அவரும் திருந்தவில்லை, மண்டபத்துக்கும் பெருமை கூடவில்லை. எல்லாருக்கும் தெரிந்த சாதனையைப் பதிய மறுப்பது தண்டனையாகாது. அது வெறும் வீம்பு.

ஆதரவுத் தரப்பு இதைப் பிடித்துக்கொண்டு ‘ஆட்டத்தை மட்டும் பாருங்கள், ஆளைப் பார்க்காதீர்கள்’ என்கிறது. இதுவும் நிற்காது. ஜிதான் 2006 இறுதியாட்டத்தின் 110வது நிமிடத்தில் வெளியேற்றப்பட்டார். அந்தப் போட்டியின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து அவருக்கே போனது. பிரேசிலுக்கு எதிரான காலிறுதியைப் பார்த்தவர்கள் அதில் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் பெனால்டிகளின்போது பிரான்சின் ஆகச்சிறந்த காலுக்குச் சொந்தக்காரர் ஓய்வறையில் இருந்தார். தாவித் த்ரெஸகே அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டது. தவறவிட்டவர் என்ற பெயர் வாழ்நாள் முழுக்க அவருக்கு. ஜிதானின் கோபத்துக்கான விலையில் ஒரு பங்கை அவரும் கட்டினார். ஆட்டத்தையும் ஆளையும் அப்படிப் பிரிக்க முடியாது. குணத்தின் செலவு ஆட்டக் கணக்கிலேயே ஏறுகிறது.

இரண்டு தரப்பும் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது. கடினமானவர் என்கிறோமே, யாருக்குக் கடினமானவர்? அந்தப் பெயரை வைத்தது யார்?

இதற்கு இந்தியாவில் நடந்ததைவிடத் தெளிவான பாடம் இல்லை, அது கிரிக்கெட்டில் நடந்தது என்றாலும். லாலா அமர்நாத் 1933 டிசம்பரில் பம்பாயில் தன் முதல் டெஸ்டிலேயே 118 ஓட்டம் எடுத்தார். இந்தியாவுக்காக ஒருவர் டெஸ்டில் அடித்த முதல் சதம் அது. 1936 இங்கிலாந்துப் பயணத்தில் தலைவர், விஸ்ஸி எனப்பட்ட விஜயநகரம் இளவரசர். லார்ட்ஸில் டெஸ்ட் அல்லாத ஓர் ஆட்டத்தில் அமர்நாத்தைக் கால்காப்பு கட்டி உட்காரவைத்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களை அனுப்பினார்கள். மாலையில் ஆட்டம் முடியும் தறுவாயில்தான் இவருக்கு வாய்ப்பு வந்தது. திரும்பி வந்தவர் ஓய்வறையில் கோபத்தைக் கொட்டினார், பஞ்சாபியில். முதல் டெஸ்டுக்கு முன்பே ஒழுங்கீனம் என்று சொல்லி அவரைக் கப்பலேற்றினார்கள். விஸ்ஸிக்கோ அதே ஆண்டில் சர் பட்டம் கிடைத்தது.

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் போமான்ட் தலைமையிலான குழு 1937 ஜனவரியில் அமர்நாத்தை விடுவித்தது, விஸ்ஸியின் தலைமையைக் குறை கூறியது. கதை அதோடு முடியவில்லை. 1949ல் கிரிக்கெட் வாரியம் மறுபடியும் ஒழுங்கீனம் என்று அமர்நாத்தை விலக்கியது. மூன்றே ஆண்டில் திரும்பி வந்து 1952ல் பாகிஸ்தானை 2-1 என்று வென்ற இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். 1994ல் சி.கே. நாயுடு வாழ்நாள் சாதனை விருதை வாரியம் உருவாக்கியபோது முதல் விருது அவருக்கே போனது. விலக்கிய வாரியமே விருதும் தந்தது. அமர்நாத்தின் நாக்கு கூர்மையானதுதான். ஆனால் அது பாய்ந்தது மேல்நோக்கி, அதிகாரம் கையில் வைத்திருந்தவர்களை நோக்கி.

ஒரே மனிதரிடம் இரண்டு வகைக் கோபமும் இருக்கலாம் என்பதற்குக் கால்பந்து வீரர் ராய் கீன் சாட்சி. 2002 உலகக் கோப்பைக்கு முன் சைப்பான் தீவில், பயிற்சி மைதானம் கட்டாந்தரை, உபகரணங்கள் வந்து சேரவில்லை என்று அயர்லாந்து நிர்வாகத்தோடும் பயிற்சியாளரோடும் மோதி வீடு திரும்பினார். ஏற்பாடுகளில் குறை இருந்ததைப் பின்னால் வந்த விசாரணை அறிக்கை உறுதிசெய்தது. அதே கீன் 2001ல் எதிரணி வீரர் ஆல்ஃப் ஹாலண்டின் முழங்காலை நோக்கிக் காலைப் பாய்ச்சினார். பழி தீர்க்கவே செய்ததாகப் புத்தகத்தில் எழுதி, ஐந்து ஆட்டத் தடையும் 1,50,000 பவுண்டு அபராதமும் வாங்கினார். முதலாவதை என்னால் மதிக்க முடிகிறது. இரண்டாவதை எந்தக் கோப்பையாலும் மூட முடியாது.

ஆக, என் முதல் அளவுகோல் கோபத்தின் திசை. கூலிக் கணக்குக்காக முதலாளியோடு சண்டை போட்டதும், பையன் தலையில் கட்டையால் அடித்ததும் ஒரே கோபக்காரரின் செயல்களாக இருக்கலாம். எடை ஒன்றாகாது.

இரண்டாவது, தரப்படுவது என்ன மரியாதை என்பது. குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து மிகுந்ததைக் கொள்ளச் சொல்லும் குறளை இந்த விவாதத்தில் எல்லாரும் எடுத்து வீசுவார்கள். அது இருக்கும் அதிகாரம் தெரிந்துதெளிதல். பொறுப்புக்கு ஆள் எடுப்பதைப் பற்றியது. தலைவர் பட்டையை யார் கையில் கட்டுவது என்பதற்கு அது பொருந்தும், ஏனென்றால் தலைவரின் குணம் நாளைக்கு மற்றவர்கள் மேல் வேலை செய்யும். முடிந்துபோன சாதனையை நினைவில் வைப்பது வேறு காரியம். பையனை அடிப்பவரிடம் இன்னொரு பையனை ஒப்படைக்கக் கூடாது. அதற்காக அவர் நெய்த சேலையை அவர் நெய்யவில்லை என்று சொல்லவும் கூடாது.

மூன்றாவதை நம் சைவ மரபு காட்டிக்கொடுக்கிறது. சுந்தரருக்கு வன்தொண்டர் என்று பெயர். ஆண்டவனையே ஏசி வழக்காடியவர். திருவாரூரில் அடியார் கூட்டத்தை வணங்காமல் அவர் கடந்து போனார் என்று, விறன்மிண்டர் என்ற அடியார் அவரைக் கூட்டத்துக்குப் புறம்பானவர் என்று அறிவித்தார். அதற்குப் பதிலாகப் பிறந்ததே திருத்தொண்டத்தொகை. தன்னை விலக்கிய விறன்மிண்டரின் பெயரையும் சுந்தரர் அதில் வைத்தார். மணந்த சங்கிலியாருக்குத் தந்த வாக்கை மீறியபோது அவர் கண் போனது. காஞ்சி ஏகம்பத்தில் ஒரு கண்தான் திரும்பியது. இதையெல்லாம் பெரியபுராணம் மறைக்கவில்லை. அறுபத்துமூவர் வரிசையில் அவருக்கு இடம் உண்டு, செய்த பிழையும் கதையில் உண்டு, பிழைக்கு ஆளான பெண்ணின் பெயரும் உண்டு. குற்றத்தைத் துடைத்துவிட்டுத் தரும் மாலையை விட, குற்றத்தையும் சொல்லித் தரும் மாலைக்கு நாள் அதிகம்.

இனித் தீர்ப்பு. மாத்தெராட்ஸிக்குச் சென்னை மரியாதை செய்யலாம், செய்யவும் வேண்டும். அவருக்குக் கீழே ஆடிய ஜெஜே லால்பெக்லுவா 2015லும் ஜெர்ரி லால்ரின்சுவாலா 2016லும் லீகின் வளரும் வீரர் விருதை வென்றார்கள். மிசோரமிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள். விருது ஒன்றே அன்பான பயிற்சிக்குச் சான்றாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தன் கையில் ஒப்படைக்கப்பட்டவர்களை அவர் நசுக்கவில்லை, வளர்த்தார் என்று காட்ட இதைவிடக் கண்ணுக்குத் தெரியும் சான்று இல்லை. எலானோவின் 8 கோலுக்கான புகழை யாரும் பறிக்க வேண்டாம். திரும்பப் பெற்ற புகாரை வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்குவதும் நியாயமில்லை. ஆனால் 2015 கோப்பைக்கு ஒரு முகம் வேண்டுமென்றால் அது அவருடையதாக இருக்கக் கூடாது. மெண்டோசாவும் ஜெஜேவும் முன்னால் நிற்கட்டும். ஜிதானின் தங்கப் பந்து சரி. ஓவன்ஸைக் காக்கவைத்தது பிழை. கீனைப் புகழ் மண்டபத்தில் வைக்கலாம், ஹாலண்டின் பெயரையும் அங்கேயே எழுதிவைத்தால்.

குணக்கேடு மரியாதைக்குத் தடையாகாது. தன்னைவிட எளியவரை நொறுக்கியது தடையாகும். குறைந்தபட்சம், அதைச் சொல்லாமல் தரும் மரியாதை பாதிப் பொய். அதைத் தெரிந்துகொள்ள உரிமையாளரையும் நிர்வாகியையும் கேட்டுப் பயனில்லை. பக்கத்துக் கரையில் உட்கார்ந்து நாடா தள்ளியவரைக் கேட்க வேண்டும்.

நான் கேட்டேன். சில வருடங்களுக்கு முன், தாமல் ஏரிக்கரையில் அவரைப் பார்த்தபோது. “அண்ணே, அன்னைக்குப் பெரியவருக்குப் பொன்னாடை போட்டாங்களே, அது சரியா?”

கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் கோர்வைக்குப் போட்டாங்கன்னா சரிதான் தம்பி. அப்படி யாரும் நெய்ய மாட்டாங்க. ஆனா அதுல பாதி நாடா நான் போட்டது. என்னையும் ஒரு தடவை மேல கூப்பிட்டிருக்கலாம்.”