ஓசூர்ப் பிள்ளைக்கு எந்த வாசிப்புச் செயலி?

டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகளுக்கு உதவும் செயலிகள் இரண்டு விதமான வேலைகளைச் செய்கின்றன. சில செயலிகள் பக்கத்தைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டுகின்றன. மற்றவை பிள்ளையைப் படிக்கப் பழக்குகின்றன. முதலாவது பாடத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இரண்டாவது வாசிப்பை வளர்க்கும். இந்த வேறுபாடு தெரியாமல் ஏதோ ஒன்றைக் கைப்பேசியில் இறக்கிக் கொடுத்தால், அடுத்த தேர்விலும் பிள்ளை அதே இடத்தில்தான் நிற்கும். கூகுள் லென்ஸ், ரீட் அலாங், எம்.டி.ஏ. அவாஸ் ரீடர் ஆகிய மூன்றையும் அந்த நோக்கில் இங்கே எடைபோடுகிறேன். எடைபோடும் களம் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, பாகலூர் வட்டாரம். இங்கே பல வீடுகளில் பேச்சு தெலுங்கு அல்லது கன்னடம். பாடநூல் தமிழ் அல்லது ஆங்கிலம். கைப்பேசி, சிப்காட் ஷிப்டுக்குப் போகும் அப்பாவிடமோ அம்மாவிடமோ இருக்கும்.

முதலில் லென்ஸ். இது டிஸ்லெக்ஸியாவுக்கென்று உருவானதல்ல. ஆனாலும் இந்தப் பிள்ளைகளுக்கு உடனே பயன்படுவது இதுதான். பாடநூல் பக்கத்தைக் கேமராவில் காட்டி, எழுத்தைத் தேர்ந்தெடுத்துப் படிக்கச் சொன்னால் உரக்கப் படிக்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் நான்கும் இதற்குப் பிடிபடும். தமிழ்வழிப் பாடநூல்களின் பி.டி.எஃப். கோப்புகள் பலவும் பழைய எழுத்துரு முறையில் இருப்பதால், நேரடியாக நகலெடுத்தால் எழுத்துகள் குழம்பிவிடும். லென்ஸ் பக்கத்தைப் படமாகப் பார்ப்பதால் அந்தச் சிக்கல் இதற்கு இல்லை. பெட்டிச் செய்தி, அட்டவணை உள்ள பக்கத்தை மொத்தமாகக் காட்டினால் வரிகள் கலக்கக்கூடும். ஒவ்வொரு பத்தியாகக் காட்டுவது நல்லது. படித்துக் காட்டினால் பிள்ளை சோம்பேறியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் டிஸ்லெக்ஸியா அறிவுக் குறைவோ பார்வைக் கோளாறோ அல்ல. ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் வரும் தடை. அந்தத் தடை நீங்கும்வரை அறிவியலும் வரலாறும் பிள்ளைக்குக் கிடைக்காமல் இருந்தால், வாசிப்புக் குறை பாடக் குறையாகவும் சொல்வளக் குறையாகவும் பெருகிவிடும். எனவே பாடத்தைக் காதால் கேட்பதில் தவறில்லை. கேட்பதையே வாசிப்புப் பயிற்சி என்று கணக்கு வைத்துக்கொள்வதுதான் தவறு.

பயிற்சி என்றால் ரீட் அலாங் பக்கம் போக வேண்டும். 2019 மார்ச்சில் ‘போலோ’ என்ற பெயரில் இந்தியாவில் அறிமுகமாகி, 2020ல் பெயர் மாறி, தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் உலகெங்கும் சென்ற செயலி இது. பிள்ளை கதையை உரக்கப் படிக்க, ‘தியா’ என்ற பாத்திரம் கேட்டுக்கொண்டிருக்கும். சரியாகப் படித்த சொல்லுக்கும் தடுக்கிய சொல்லுக்கும் நிறத்தால் வேறுபாடு காட்டும். சொல்லைத் தொட்டால் உச்சரித்துக் காட்டும். கதைகளை இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். வகுப்பில் உரக்கப் படிக்கக் கூச்சப்படும் பிள்ளைக்குக் கேலி செய்யாத கேட்பாளர் கிடைப்பது பெரிய லாபம். ஆனால் இதன் தீர்ப்பு சொல் அளவிலேயே நிற்கிறது. தமிழில் சிக்கலோ சொல்லுக்குள்ளே, உயிர்மெய்க்குள்ளே இருக்கிறது.

‘கெ’ என்று எழுதும்போது ஒற்றைக் கொம்பு முன்னால் வருகிறது. ஒலியில் அந்த எகரம் ககரத்துக்குப் பின்னால் வருகிறது. ‘கொ’வில் கொம்பும் துணைக்காலும் எழுத்தை இருபுறமும் அணைத்துக்கொள்ள, ஒலி மட்டும் ஒன்றாகப் பின்னால் வருகிறது. ‘கு’, ‘சு’, ‘மு’ மூன்றிலும் உகரம் ஒன்றே. உருவமோ ஒன்றுபோல் இல்லை. சாதாரணப் பிள்ளை பழக்கத்தால் கடந்துவிடும் இந்த இடங்களில்தான் டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளை திரும்பத் திரும்பத் தடுக்கும். ‘கொடி’ என்ற சொல்லை முழுதாகச் சொல்லிக் காட்டினால் பிள்ளை அந்தச் சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளும். ‘மொழி’ வரும்போது மறுபடியும் நிற்கும். கொம்பையும் காலையும் பிரித்து, தொட்டு, எழுதி, ஒலித்துச் சேர்க்கும் பயிற்சி வேண்டும். அதை ஆசிரியர்தான் தர முடியும்.

ஆங்கிலத்தில் அந்தப் பிரித்துக் காட்டும் வேலையைச் செய்கிறது அவாஸ் ரீடர். சென்னையின் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷனும் (எம்.டி.ஏ.), பேச்சு வராத பிள்ளைகளுக்கான அவாஸ் செயலியை உருவாக்கிய நிறுவனமும் சேர்ந்து கொண்டுவந்தது. பக்கத்தைப் படமெடுத்தால் உரை வரும். தடுக்கும் சொல்லுக்கு அசை பிரிப்பு, ஓசை ஒத்த சொல், படம் என்று குறிப்புகள் கிடைக்கும். விடையைச் சொல்வதற்கு முன் குறிப்பைத் தருவதுதான் இதன் சிறப்பு. சிறப்பாசிரியரின் வகுப்பறை முறை இதில் தெரிகிறது. ஆங்கிலவழிப் பள்ளிப் பிள்ளைக்கு மூன்றில் இதுவே முதல் தேர்வு. தமிழ்வழிப் பிள்ளைக்கு இது ஆங்கிலப் பாடத்துக்கு மட்டும் உதவும்.

ஓசூர் போன்ற எல்லை வட்டாரத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இன்றைய கன்னடத்திலும் தெலுங்கிலும் ழகரம் இல்லை. அந்த மொழிகள் பேசும் வீட்டுப் பிள்ளை ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று படித்தால் செயலி பிழை என்று காட்டக்கூடும். ஆனால் எழுத்தை இனங்கண்டதில் பிழை இல்லை. கன்னடத்தில் ka, ha, ga ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து. தமிழிலோ ‘கல்’, ‘மகன்’, ‘தங்கம்’ மூன்றுக்கும் ஒரே ககரம். இதில் தயங்குவது மொழி பழகாததாலும் இருக்கலாம், வாசிப்புக் குறைபாட்டாலும் இருக்கலாம். பிரித்தறிய, பிள்ளையின் மொழியிலேயே சோதிக்க வேண்டும். மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015ல் வெளியிட்ட ‘டாலி’ என்ற கண்டறியும் கருவி இந்தி, மராத்தி, ஆங்கிலத்தோடு கன்னடத்திலும் வந்தது அதனால்தான். செயலியின் மதிப்பெண்ணை வைத்து எந்தப் பிள்ளைக்கும் டிஸ்லெக்ஸியா என்று முத்திரை குத்தக் கூடாது. இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது.

தனி எழுத்துரு, வண்ணக் கண்ணாடி ஆகியவற்றுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஓப்பன்டிஸ்லெக்சிக் எழுத்துரு ரோமன் எழுத்துக்கானது. அதிலும் வாசிப்பு வேகமோ துல்லியமோ கூடியதாக ஆய்வுகள் காட்டவில்லை. வண்ணக் கண்ணாடிக்கும் கண் பயிற்சிக்கும் ஆதாரமில்லை என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009ல் கூட்டறிக்கையே வெளியிட்டார்கள். எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளுக்கிடையே இடம் கூட்டுவது இலவசம். படிக்கவும் இதமாக இருக்கும். கைப்பேசியைக் கொடுத்தால் விளையாட்டில் போய் நிற்கும் என்ற பயம் நியாயமானதே. ஷிப்டு முடிந்து வந்த பெற்றோர் பக்கத்தில் உட்கார, இருபது நிமிடம் உரக்கப் படிக்கும் கருவியாக மட்டும் கொடுத்தால் அந்த இடர் குறையும்.

தீர்ப்பு இதுதான். பாடத்துக்கு லென்ஸ், தமிழ்ச் சரளத்துக்கு ரீட் அலாங், ஆங்கிலத்துக்கு அவாஸ் ரீடர். தமிழ் உயிர்மெய்யைப் பிரித்துக் கற்பிக்கும் இடத்தை இம்மூன்றும் நிரப்பவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அதன் பலன்களுக்கு முறையான மதிப்பீடு வேண்டும். இரண்டாம் வகுப்பு தாண்டியும் எழுத்துக்கூட்டித் திணறும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், செயலியை இறக்கும் அதே வாரத்தில் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரையும் போய்ப் பாருங்கள். மருத்துவ மதிப்பீடு தேவைப்பட்டால், ஓசூரிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு நிம்ஹான்ஸ் இருக்கிறது.