எல்லை தாண்டிய சாக்கடையும் எல்லைக்குள் இருக்கும் சேரியும்

வழக்கு மனுவும் ஒரு பிரதிதான். கதையை வாசிக்கிற மாதிரி அதையும் வாசிக்கலாம். யார் பேசுகிறார்கள், யாருக்காகப் பேசுவதாகச் சொல்கிறார்கள், யாருக்கு வாய் திறக்க இடமே இல்லை என்று பார்க்கலாம்.

பெங்களூரின் சாக்கடை விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியில் கலந்து, காவிரியோடு ஒகேனக்கல் வழியாக மேட்டூர் அணைக்கு வந்து சேர்கிறது. இதை எதிர்த்துத் தமிழக அரசு 2015இல் கர்நாடகத்தின் மீது உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தென்பெண்ணையும் அதில் சேர்த்தி. இரண்டு அரசுகள் பேசிக்கொள்ளும் பிரதி அது. அணைக்குப் பக்கத்திலிருக்கும் மேச்சேரிப் பேரூராட்சி அதில் வாதியாக முடியாது. மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் வழக்கென்றால், அரசியல் சட்டத்தின் 131ஆம் பிரிவு அரசுகளை மட்டும்தான் உள்ளே விடும்.

அப்போ உள்ளாட்சி கைகட்டி நிக்க வேண்டியதுதானா? கலிபோர்னியாவில் இம்பீரியல் பீச் என்று ஒரு சின்ன நகரம். மெக்சிகோவின் டிஹுவானாவிலிருந்து ஆற்றோடு வரும் சாக்கடை எல்லை தாண்டி அதன் கடற்கரையை நாறடிக்கிறது. 2018இல் அந்த நகராட்சி, பக்கத்து சூலா விஸ்டாவையும் சான் டியேகோ துறைமுகத்தையும் சேர்த்துக்கொண்டு நீதிமன்றம் போனது. வழக்கு மெக்சிகோ மீதல்ல. எல்லையில் கழிவைப் பிடித்து நிறுத்த வேண்டிய தன் நாட்டு ஆணையத்தின் மீது. அடுத்த வீட்டானைத் திட்டுவது சுலபம், அதற்கு ஓட்டும் விழும். இது வேறு வகைத் துணிச்சல்.

இங்கேயும் வழி இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 18ஆம் பிரிவில், உள்ளாட்சி அமைப்பும் மனுச் செய்யலாம் என்று எழுதியே வைத்திருக்கிறது. சென்னை அமர்வின் வரம்புக்குள் கர்நாடகமும் வருகிறது.

ஆனால் உள்ளாட்சி தானாக எழுந்து நிற்குமா? ஆற்றை விட்டுக் கிணற்றுக்கு வருவோம். பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டி பஞ்சாயத்து 2000இல் பிளாச்சிமடா கோக்கோ கோலா ஆலைக்கு உரிமம் கொடுத்தது. 2003இல் அதே பஞ்சாயத்து அதைப் புதுப்பிக்க மறுத்து, கேரள உயர் நீதிமன்றம் வரை போய் நின்றது. நடுவில் என்ன நடந்தது? 2002 ஏப்ரலிலிருந்து ஆதிவாசிப் பெண்கள் ஆலை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கின் தலைப்பில் பஞ்சாயத்தின் பெயர் இருக்கிறது. மயிலம்மாவின் பெயர் இல்லை.

இன்னொரு உள்ளாட்சி, மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகராட்சி. திறந்த சாக்கடையைச் சரிசெய்யக் கேட்ட தெருக்காரர்களை எதிர்த்து, "காசில்லை" என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தச் சாக்கை ஏற்கவில்லை. ஆக, ஒரே நகராட்சி ஆற்றுக்கு வாதி, தன் தெருவுக்குப் பிரதிவாதி. நம்ம பக்கத்து ஊர்களில் மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி. சாக்கடை எந்தப் பக்கம் ஓடும் என்று பொறியாளர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

நதி வழக்குகளெல்லாம் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: கழிவுநீரைத் தடு, சுத்திகரி. குழிக்குள் இறங்குவது யாரென்று அந்த மனுக்கள் கேட்பதில்லை. கையால் மலம் அள்ள வைப்பதை 2013 சட்டம் தடுத்தது. 1993 முதல் சாக்கடையில் செத்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் கொடு என்று 2014இலும், இனிச் சாவு நேர்ந்தால் 30 லட்சம் என்று 2023இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014 தீர்ப்பு வந்த வழக்கைப் போட்டது சஃபாய் கர்மசாரி ஆந்தோலன். எந்த நகராட்சியும் அல்ல.

மேச்சேரி நாளைக்கே மனுப் போடட்டும். நாமும் கையெழுத்துப் போடுவோம். ஆனா அந்த மனுவுல சாக்கடை அள்ற ஆளோட பேரு எத்தனாவது பக்கத்துல வருதுன்னு பாத்துட்டுத்தான்.