விழுகிறவன் முகம்

சினிமாவில் கதாநாயகன் மாடியிலிருந்து குதிக்கும்போது கைதட்டுகிறோம். குதித்தவன் வேறொருவன் என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் கைதட்டல் கதாநாயகனுக்கே போய்ச் சேருகிறது. இந்த அநியாயத்தை ஒரு படம் தட்டிக் கேட்கப்போகிறது என்றால் யாருக்குத்தான் ஆசை இராது? அந்த ஆசையோடுதான் 2024-இல் வெளிவந்த ‘தி ஃபால் கை’ என்ற அமெரிக்கப் படத்துக்குப் போனேன்.

டைரக்டர் டேவிட் லெய்ட்ச் இந்தத் தொழிலிலேயே அடிபட்டு வந்தவர்; ஒரு காலத்தில் பிராட் பிட்டுக்கு ‘டூப்’ போட்டவர். பிறகு கேட்பானேன்! கதையும் நன்றாகவே தொடங்குகிறது. கோல்ட் சீவர்ஸ் என்ற டூப் நடிகன் உயரத்திலிருந்து விழுந்து முதுகை முறித்துக்கொள்கிறான். 18 மாதம் கழித்து, பிரிந்துபோன காதலி டைரக்ட் செய்யும் படத்துக்காக சிட்னிக்கு வருகிறான். முறிந்து கூடிய முதுகோடு மறுபடியும் விழவேண்டும். அவனுக்கு ராத்திரி தூக்கம் வருமா? கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல கரு கிடைக்காது.

படமோ அந்தக் கேள்வியைத் தொட்டுவிட்டு ஓடிவிடுகிறது. காணாமற்போன ஸ்டார், ஐஸ் தொட்டியில் பிணம், பொய்யாகத் தயாரித்த வீடியோ என்று ஒரு துப்பறியும் கதை வந்து மனிதனை விழுங்கிவிடுகிறது. கண்ணாடி உடைகிறது, கார் உருளுகிறது. அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு எழுந்துவிடுகிறான். வலிக்காத உடம்பு எத்தனை தரம் விழுந்தால்தான் நமக்கென்ன?

ஹாஸ்யப் படத்தில் வலியைத் தேடலாமா என்று கேட்பீர்கள். பஸ்டர் கீட்டன் நடித்து 1928-இல் வெளிவந்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதும் அவர்மேல் சாய்கிறது. ஜன்னல் திறப்பு விழும் இடத்தில் நின்றதால் பிழைக்கிறார். டூப் கிடையாது. நாம் சிரிக்கிறோம், சிரிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது. ஹாஸ்யத்துக்கு அந்தப் பிசைவும் வேண்டும்.

இந்தப் படத்திலும் நிஜம் இருக்கத்தான் செய்கிறது. லோகன் ஹாலடே என்பவர் ஓடும் காரை எட்டரை தரம் உருட்டி, 2006-இல் ‘காசினோ ராயல்’ படம் செய்த 7 உருட்டல் சாதனையை முறியடித்தார். ஆனால் கதையில் அந்தக் காருக்குள் இருப்பவன் ரயன் காஸ்லிங் என்ற ஸ்டார். டூப்பாக நடிக்கிறவருக்கும் டூப்!

2027 முதல் வெளியாகும் படங்களில் ஸ்டண்ட் அமைப்புக்கென்று ஆஸ்கார் பரிசு உண்டு என 2025-இல் அறிவித்தார்கள். நல்ல காரியம். பரிசு மேடையிலாவது அந்த முகங்களைப் பார்க்கலாம்.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, உண்மையில் விழுந்தவர்களைக் காட்டினார்கள். கொட்டகையில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். நானும் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது, இரண்டு மணி நேரத்துக்கு மேலாக நான் தேடிய மனிதர்கள் திரையில் நின்றார்கள். அப்போது கைதட்டத்தான் யாரும் இல்லை. நானும் தட்டவில்லை.