சனிக்கிழமைத் தன்னார்வலர்கள்

சிறுமலை அடிவாரத்தில் ஒரு சனிக்கிழமையை நினைச்சுப் பாருங்க. கம்பெனி பஸ் வந்து நிற்கும். ஒரே நிற டீ-ஷர்ட்டில் ஐம்பது பேர் இறங்குவார்கள். குழி ஏற்கெனவே தோண்டியிருக்கும். கன்றை வைத்து மண்ணைத் தள்ளி, பேனர் முன்னால் ஒரு போட்டோ. சாப்பிட்டதும் பஸ் கிளம்பிவிடும். குழி தோண்டியது, சாப்பாட்டுக்குச் சொன்னது, திங்கட்கிழமையிலிருந்து தண்ணீர் ஊற்றப் போவது எல்லாம் தொண்டு நிறுவனத்தின் நாலு பேர்தான்.

கம்பெனி ஊழியர்களைக் கேலி செய்வது சுலபம். என் விமர்சனம் அவர்கள் மேல் இல்லை, கணக்கு எழுதும் முறை மேல்.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, பெரிய நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். ஊழியர் தரும் நேரம் இதில் சேருமா? சேரும் என்றது மத்திய கம்பெனி விவகார அமைச்சகம், 2014 ஜூனில்: செலவான நேரத்துக்கு ஏற்ற சம்பளத்தைக் கணக்கில் காட்டலாம். 2021 ஆகஸ்டில் நிலை மாறியது: ஊழியர்களை ஈடுபடுத்துவது நல்லது, ஆனால் அந்த இலவசப் பணியைப் பணமாக மதிப்பிட்டுச் செலவில் காட்டக் கூடாது.

இரண்டாவதுதான் சரி. மேலாளரின் அரைநாள் சம்பளத்தை உதவியாக எழுத முடிந்தால், அமைப்புக்கு வரும் ரொக்கம் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் இரண்டு விளக்கமுமே கம்பெனி பக்கத்துச் செலவைத்தான் பேசுகின்றன. ஐம்பது பேரை வரவேற்கத் தொண்டு நிறுவனம் இழக்கும் வேலைநாட்களை எங்கே எழுதுவது? அடுத்த வருஷ நிதி வேணுமே என்று அவர்களும் வாய் திறக்க மாட்டார்கள்.

இதே அடிவாரத்தில் பழைய உதாரணம் ஒன்று உண்டு. டிவிஎஸ் நிறுவனர் டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகள் டாக்டர் சௌந்தரம், கணவர் ஜி.ராமச்சந்திரனுடன் 1947-ல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார். தான் படித்த மருத்துவத்தோடு வந்தார், வந்து தங்கினார். எல்லாரிடமும் அதைக் கேட்க முடியாது. ஆனால் வேலை தெரிந்தவர் திரும்பத் திரும்ப வரணும் என்ற பாடத்தை எடுத்துக்கலாம்.

சிறுமலை மலைவாழைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அதைப் பயிரிடுபவருக்குக் கன்று நட நாம் சொல்லித்தர வேண்டாம். கணக்கு, பேக்கிங், வியாபாரியோடு ஒப்பந்தம் இதெல்லாம் தெரிந்த ஒருவர் ஆறு மாசம், மாசம் ரெண்டு நாள் வந்தால் உதவி. டாடா குழுமம் 2014-ல் தொடங்கிய புரோஎங்கேஜ் திட்டம் இந்த வகைதான்: ஊழியர் தன் தொழில்திறனோடு, சில மாதங்கள், பகுதிநேரமாக.

ஆண்டறிக்கையில் ‘இத்தனை ஆயிரம் மணி நேரத் தன்னார்வப் பணி’ என்று படித்தால் ஒண்ணு மட்டும் கேளுங்க: அந்த வேலை வேண்டும் என்று முதலில் சொன்னது கம்பெனியா, அமைப்பா?