வீடியோ கேம்களில் ஆணுடலும் பெண்ணுடலும்

வீடியோ கேமில் வரும் உடல் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவெடுத்து உருவாக்கியது. சினிமாவில் நடிகரின் உடல் கேமராவுக்கு முன்பே இருக்கிறது. இங்கே தோளின் அகலம், இடுப்பின் சுற்றளவு, நடையின் அசைவு, மூச்சு வாங்கும்போது மார்பு எவ்வளவு உயர வேண்டும் என்பதுவரை எல்லாமே தேர்ந்தெடுக்கப்பட்டவை. அந்த உடலை ஆடுபவர் தன் விரல்களால் இயக்குகிறார். இருபது மணி நேரமோ நூறு மணி நேரமோ அதன் முதுகுக்குப் பின்னாலேயே போகிறார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான இந்த வரலாற்றில் ஒரு போக்கு திரும்பத் திரும்பத் தென்படுகிறது. ஆணின் உடல் அவன் செய்யப்போகும் காரியத்துக்கு ஏற்ப வடிவம் பெறுகிறது. பெண்ணின் உடல் அவளைப் பார்க்கப்போகிறவரின் கண்ணுக்கு ஏற்ப வடிவம் பெறுகிறது. விலக்குகள் உண்டு. கடந்த இருபது ஆண்டுகளில் அவை பெருகியும் இருக்கின்றன.

தொடக்க கால கேம்களில் உடல் என்று சொல்லத்தக்க அளவுக்கு எதையும் வரைய இடமிருக்கவில்லை. 1981இல் வந்த ‘டாங்கி காங்’ கேமின் நாயகனை (பின்னாளில் மாரியோ என்று பெயர் பெற்றவன்) ஷிகெரு மியாமோட்டோ விரல்விட்டு எண்ணக்கூடிய பிக்சல்களில் வரைய வேண்டியிருந்தது. வாய் வரைய இடமில்லாததால் மீசை வந்தது, தலைமுடியை அசைத்துக் காட்ட முடியாததால் தொப்பி வந்தது, கைவீச்சு தெரிய வேண்டும் என்பதற்காகத் தோள்பட்டை வைத்த உழைப்பாளி உடை வந்தது. ஒவ்வோர் அடையாளமும் அவன் ஓடுவதையும் தாவுவதையும் தெளிவாகக் காட்டவே வந்தது. அதே திரையின் உச்சியில் மீட்கப்படுவதற்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு நீண்ட கூந்தலும் கவுனும் போதுமானவையாக இருந்தன. 1980இல் வந்த ‘பேக்-மேன்’ வெறும் மஞ்சள் வட்டம். அதை யாரும் ஆண் என்று வரைந்து காட்டத் தேவைப்படவில்லை. அதன் பெண் வடிவம் அமெரிக்க ஆர்கேட்களுக்கு வந்தபோது அந்த வட்டத்துக்கு ரிப்பனும் உதட்டுச்சாயமும் மச்சமும் சேர்ந்தன. எந்த அடையாளமும் இல்லாதது ஆண், அலங்காரம் சேர்த்தால் பெண் என்ற இந்த ஏற்பாடு, பிக்சல் பஞ்சம் தீர்ந்த பிறகும் நெடுங்காலம் நீடித்தது.

1986இல் நின்டென்டோ வெளியிட்ட ‘மெட்ராய்ட்’ இதில் தனி இடம் பெறுகிறது. உடல் முழுவதையும் மூடிய கவசத்துக்குள் சேமஸ் ஆரன் என்ற விண்வெளி வேட்டையாளர் கேம் முழுக்கப் போரிடுகிறார். கையேடு அவரை ஆணாகவே குறிப்பிட்டது. போதிய வேகத்தில் முடித்தவர்களுக்கு மட்டும் கவசம் நீங்கி, உள்ளே இருப்பது பெண் என்று தெரிந்தது. அந்தக் காலத்துக்கு இது பெரிய துணிச்சல்தான். ஆனால் ஆடுபவர் எவ்வளவு விரைவாக முடிக்கிறாரோ அவ்வளவு குறைந்த உடையில் சேமஸ் தோன்றுவார். மிக வேகமாக முடித்தவருக்கு நீச்சலுடைதான் பரிசு. அவ்வளவு நேரம் ஆடுபவரின் சொந்த உடலாக இருந்தது, கடைசி நொடியில் அவர் பார்ப்பதற்கான உடலாக மாறிவிடுகிறது.

சண்டை கேம்கள் இந்த வேறுபாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டின. 1991இல் கேப்காம் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ கேமில் ஆடுபவர் தேர்ந்தெடுக்க எட்டுப் பேர் இருந்தார்கள். ஏழு ஆண்களில் பெரும்பாலோருக்கு வெவ்வேறு விதமான உடல்கள். ஜப்பானிய சுமோ வீரர் ஹோண்டா மலைபோல இருப்பார். ரஷ்ய மல்யுத்தக்காரர் ஜாங்கீஃப் தழும்பும் ரோமமுமாக நிற்பார். பிளாங்கா பச்சை நிற விலங்கு மனிதன். இந்தியர் தால்சிம் விலா எலும்பு தெரிய, மண்டையோட்டு மாலை அணிந்து, கைகால்களை ரப்பராக நீட்டும் யோகி. இந்தியாவைப் பற்றிய மேலோட்டமான கற்பனைதான் என்றாலும், அந்த ஒடுங்கிய உடலுக்கும் சண்டை முறைக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. பெண் ஒருத்தி மட்டுமே, சீனாவின் சுன்-லி. உதைப்பவள் என்பதால் அவளுக்குப் பருத்த தொடைகள் அமைந்தன. அது பாராட்டத்தக்க வடிவமைப்பு. ஆனால் அழகற்றவராக, கிழவராக, குண்டாக, எலும்பும் தோலுமாக இருக்கும் உரிமை ஆண்களுக்கே இருந்தது. பெண்ணுடலைக் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் உடையின் அளவிலேயே நின்றுவிடுகின்றன. வடிவ வகைகள் இல்லாமல் போனது அதைவிடப் பெரிய இழப்பு.

அடுத்த சில ஆண்டுகளில் போட்டி வேறு திசையில் போனது. 1992இல் எஸ்.என்.கே. நிறுவனம் ‘ஃபேட்டல் ஃப்யூரி 2’ கேமில் மாய் ஷிரானுயியின் மார்பு அசைவைத் தனி அனிமேஷனாக வரைந்தது. 1996இல் டெக்மோவின் ‘டெட் ஆர் அலைவ்’ முப்பரிமாணத்தில் அதையே விளம்பரச் சரக்காக்கியது. இதன் தொழில்நுட்பம் எளியது: எலும்புக்கூட்டு மாதிரியோடு கூடுதலாகச் சில எலும்புகளை இணைத்து, அவை சுருள்வில்லைப் போல ஆடும்படி கணக்கிடுவார்கள். கூந்தலும் மேலங்கியின் விளிம்பும் அசைவது இதே முறையில்தான். 2003இல் ‘டெட் ஆர் அலைவ்’ தொடரின் பெண்களை மட்டும் தீவு ஒன்றுக்குக் கொண்டுபோய் நீச்சலுடையில் கைப்பந்து ஆடவைத்த தனி கேமும் வந்தது.

இவற்றுக்கெல்லாம் நடுவில், 1996இல் இங்கிலாந்தின் டெர்பி நகரிலிருந்த கோர் டிசைன் நிறுவனம் ‘டூம் ரெய்டர்’ கேமை வெளியிட்டது. டோபி கார்ட் முதலில் மனத்தில் வைத்திருந்தது இண்டியானா ஜோன்ஸ் சாயலில் ஓர் ஆண். அது மாறி லாரா கிராஃப்ட் பிறந்தாள். சுமார் 540 பாலிகன்களில் (பல்கோணத் துண்டுகளில்) செய்யப்பட்ட அவளது உடலில் ஒடுங்கிய இடுப்பும் கூம்பு கூம்பான மார்பும் கண்ணில் குத்தின. ஆனால் கேமுக்குள் அவள் யாருக்கும் காதலி இல்லை, யாராலும் மீட்கப்பட வேண்டியவளும் இல்லை. குகையில் தனியாக இறங்குகிறாள், பாறை விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறாள், அளந்து தாவுகிறாள். விளம்பரங்களோ வேறொரு லாராவை விற்றன. 1997இல் ‘தி ஃபேஸ்’ இதழின் அட்டையில் வந்தாள். பான விளம்பரத்தில் நடித்தாள். அவளைப் போல உடையணிந்த மாடல்களை வெளியீட்டு நிறுவனம் மேடையேற்றியது. தான் உருவாக்கிய பாத்திரம் போன திசை பிடிக்காமல் டோபி கார்ட் அதே ஆண்டில் நிறுவனத்தை விட்டு விலகினார். பெண்ணுடலைச் சந்தை எப்படிக் கையாண்டது என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று இந்தத் துறையில் இல்லை.

2013இல் கிரிஸ்டல் டைனமிக்ஸ் நிறுவனம் லாராவை மறுபடி வடித்தது. கால்சட்டை நீண்டது, உடல் அளவுகள் இயல்புக்கு வந்தன, ரியானா பிராட்செட் எழுதிய கதையில் அவளுக்குப் பயமும் தயக்கமும் கிடைத்தன. இருந்தும் வேறொரு சிக்கல் முளைத்தது. இந்த லாரா ஓயாமல் காயப்படுகிறாள். கம்பி குத்துகிறது, விழுகிறாள், முனகுகிறாள், ஒவ்வொரு சாவும் நெருக்கத்தில் காட்டப்படுகிறது. ஆடுபவர்களுக்கு அவளைப் பாதுகாக்கத் தோன்றும் என்று தயாரிப்பாளர் ஒருவர் 2012இல் சொன்னது கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. உடை கூடியபோதும் அந்த உடல் பார்வைப் பொருளாகவே எஞ்சியது என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது.

ஆய்வாளர்கள் இவற்றை எண்ணிப் பார்க்கத் தொடங்கியது 1990களின் இறுதியில். டிரேசி டீட்ஸ் 1998இல் வெளியிட்ட ஆய்வில் நின்டென்டோ, செகா இயந்திரங்களின் 33 பிரபல கேம்களை எடுத்துக்கொண்டார். பாத்திரங்கள் உள்ள கேம்களில் 41 சதவீதத்தில் பெண்ணே இல்லை. 28 சதவீதத்தில் பெண்கள் பாலியல் பொருளாகக் காட்டப்பட்டிருந்தார்கள். 2002இல் பீஸ்லி, ஸ்டாண்ட்லி இருவரும் 47 கேம்களிலிருந்து 597 பாத்திரங்களை எண்ணினார்கள்; பெண்கள் 82 பேர் மட்டுமே.

இன்னும் நுட்பமானது 2009இல் நிக்கோல் மார்ட்டின்ஸ் குழுவினர் செய்தது. அதிகம் விற்ற 150 கேம்களின் பெண் பாத்திரங்களைத் திரையில் பிடித்து, மார்பு, இடுப்பு அளவுகளை எடுத்து, உண்மையான அமெரிக்கப் பெண்களின் சராசரியோடு ஒப்பிட்டார்கள். கார்ட்டூன் பாணியில் இருந்தவை சராசரியைவிடப் பெரியவை. புகைப்படம்போல உண்மையாகத் தோன்றியவை சராசரியைவிட மெலிந்தவை. பெரியவர்களுக்கான கேம்களைவிடக் குழந்தைகளுக்கான கேம்களில் பெண்கள் மேலும் மெலிந்திருந்தார்கள். தொழில்நுட்பம் வளர வளர உடல் உண்மையை நெருங்கும் என்ற பொதுவான நம்பிக்கைக்கு இந்த முடிவு எதிராக நிற்கிறது. தோலும் வியர்வையும் நிஜமாகின. அளவு மட்டும் நிஜத்திலிருந்து விலகிப்போனது. 2011இல் அதே 150 கேம்களின் ஆண்களை அளந்தபோது, அவர்கள் எல்லா பாணியிலும் சராசரி ஆணைவிடப் பெரியவர்களாக இருந்தார்கள்.

ஆணுடலும் மிகைப்படுத்தப்படுகிறதே என்ற வாதம் அடிக்கடி எழுகிறது. உண்மைதான். 2006இல் வந்த ‘கியர்ஸ் ஆஃப் வார்’ கேமின் மார்கஸ் ஃபீனிக்ஸுக்குத் தலையைவிடக் கழுத்து தடிமன். 2005இல் வந்த ‘காட் ஆஃப் வார்’ கேமின் கிரேட்டோஸ் மேலாடையே அணிவதில்லை. ஆனால் அந்த வெற்று மார்பு தழும்பும் ரத்தமுமாக, எப்போதும் வெட்டிக்கொண்டோ எறிந்துகொண்டோ இருக்கிறது. ஆடுகிற ஆண் தான் அப்படி ஆக வேண்டும் என்று விரும்பும் உடல் அது. பெண்ணுடலின் மிகைப்படுத்தலும் பெரும்பாலும் அதே ஆணை முன்னிறுத்தியே நடக்கிறது. இரண்டும் மிகைதான், இரண்டுக்கும் வாடிக்கையாளர் ஒருவரே.

வலிமைக்குத் திரண்ட தசை தேவையில்லை என்பதையும் கேம்களே காட்டியிருக்கின்றன. 1997இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி 7’ கேமின் கிளவுட், தன் உடலைவிட அகலமான வாளைத் தூக்கும் ஒல்லி இளைஞன். அதே கேமில் பருத்த தசைகளோடு வருபவர் கறுப்பினத்தவரான பாரெட். ‘கியர்ஸ் ஆஃப் வார்’ அகஸ்டஸ் கோலும், ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ குத்துச்சண்டைக்காரரும் அதே அச்சில் வார்த்தவர்கள். மென்மையான ஆணாக இருக்கும் வாய்ப்பு எல்லா இனத்தாருக்கும் கிடைக்கவில்லை.

உடலின் அளவைப் போலவே உடையும் கேமராவும் பேசுகின்றன. பல ஆன்லைன் கேம்களில் ஒரே கவசத்தை ஆண் அணிந்தால் கழுத்துமுதல் கால்வரை மூடும். பெண் அணிந்தால் வயிறும் தொடையும் வெளியே தெரியும். 2011இல் வந்த ‘பேட்மேன்: ஆர்க்கம் சிட்டி’ கேமில் பேட்மேனின் பின்புறத்தை மேலங்கி எப்போதும் மறைத்திருக்கும், கேட்வுமனுக்கு இறுக்கமான உடையும் இடுப்பாட்டும் மட்டுமே. விமர்சகர் அனிதா சர்கீசியன் சுட்டிக்காட்டிய பிறகே பலருக்கு இது கண்ணில் பட்டது. 2015இல் ‘மெட்டல் கியர் சாலிட் 5’ கேமின் குவைட் நீச்சலுடை அளவு ஆடையில் போர்முனையில் நிற்பதற்கு, அவள் தோலால் சுவாசிக்கிறாள் என்று கதை காரணம் சொன்னது. அதே தொடரில் 2004இல் வந்த, ஒளிச்சேர்க்கை செய்யும் கிழட்டுத் துப்பாக்கி வீரருக்கு உடையைக் குறைக்கும் அவசியம் ஏற்படவில்லை. காரணங்கள் உடைக்குப் பிறகு தேடப்படுபவை என்பதை இந்த இரு பாத்திரங்களும் சேர்ந்து நிரூபிக்கின்றன. எல்லா எடுத்துக்காட்டுகளும் இவ்வளவு நேரானவை அல்ல. 2009இல் வந்த ‘பேயோனெட்டா’ கேமின் நாயகி தன் கவர்ச்சியைத் தானே ஆயுதமாக ஏந்துகிறாள்; அவளை வடிவமைத்த மாரி ஷிமாசாகி ஒரு பெண். அவள் விடுதலையா பண்டமா என்பதில் பெண் விமர்சகர்களிடையேகூட ஒருமித்த கருத்து இல்லை.

இந்தச் சித்திரிப்புகள் ஆடுபவரை எப்படிப் பாதிக்கின்றன என்பதில் சான்றுகள் இரு பக்கமும் உண்டு. 2008இல் பார்லெட், ஹாரிஸ் இருவரும் நடத்திய சோதனையில், உடலை முன்னிறுத்தும் கேமைச் சற்று நேரம் ஆடிய ஆண்களும் பெண்களும் தம் உடலைப் பற்றித் தாழ்வாக உணர்ந்தார்கள். 2009இல் பெம்-மோராவிட்ஸ், மாஸ்ட்ரோ ஆய்வில், கவர்ச்சியாகக் காட்டப்பட்ட லாராவாக ஆடிய பெண்களின் தன்னம்பிக்கை குறைந்தது. 2022இல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட ஃபெர்குசன் குழுவினர், குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்றார்கள். ஆனால் தீங்கு நிரூபணமானால்தான் குறைசொல்லலாம் என்று விமர்சனத்தைக் குறுக்க வேண்டியதில்லை. ஒரு கலை வடிவம் மனித குலத்தில் பாதியை ஒரே அச்சில் வார்ப்பது கலையின் குறையாகவே பேசப்படலாம்.

அப்படிப் பேசியவர்கள் கொடுத்த விலை பெரிது. 2012இல் பெண் பாத்திரங்களைப் பற்றிய காணொளித் தொடருக்குப் பொதுமக்களிடம் நிதி கேட்ட சர்கீசியன்மீது வசையும் மிரட்டலும் குவிந்தன. 2014 அக்டோபரில் துப்பாக்கிச் சூட்டு மிரட்டலால் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேச இருந்த கூட்டம் ரத்தானது. ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’ கேமின் கூட்டு ஆட்டத்தில் பெண் பாத்திரம் ஏன் இல்லை என்று அதே ஆண்டில் கேட்டபோது, அனிமேஷன் வேலை இரட்டிப்பாகும் என்று யுபிசாஃப்ட் தரப்பு சொன்னது. அந்தத் தொடரில் முன்பு பணியாற்றிய அனிமேட்டர் ஒருவர், ஓரிரு நாள் வேலைதான் என்று பதிலளித்தார்.

மாற்றம் நிகழாமல் இல்லை. 1983முதல் 2014வரை ஆடத்தக்க 571 பெண் பாத்திரங்களை ஆராய்ந்த 2016 ஆய்வு, பாலியல்படுத்தல் 1990களில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கியதைக் காட்டியது. 2016இல் வந்த ‘ஓவர்வாட்ச்’ கேமில் பளுதூக்கும் வீராங்கனை ஸார்யா பருத்த தோள்களோடு வந்தாள். 2020இல் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2’ கேமின் ஆபி, கிராஸ்ஃபிட் வீராங்கனை கோலீன் ஃபோட்ஷின் உடலை மாதிரியாகக் கொண்டு உருவானாள். அவள் வாழும் விளையாட்டரங்க முகாமில் உடற்பயிற்சிக் கூடமும் போதிய உணவும் இருப்பதைக் கேமே காட்டுகிறது. அப்படியும் இப்படி ஒரு பெண்ணுடல் இருக்கவே முடியாது என்று ஆயிரக்கணக்கானோர் கொதித்தார்கள். குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. 2024இல் தென்கொரியாவின் ‘ஸ்டெல்லர் பிளேடு’ ஒரு மாடலின் உடலை ஸ்கேன் செய்து நாயகி ஈவை உருவாக்கியபோது, நிஜப் பெண்ணின் உடல்தானே என்ற வாதம் அதற்கு அரணாக நின்றது. ஃபோட்ஷும் நிஜப் பெண்தான்.

இன்னும் அசையாத எல்லை வயது. 2018இல் கிரேட்டோஸ் நரைத்த தாடியோடு மகனுக்குத் தந்தையாகத் திரும்பினார். 2013இல் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ முதல் கேமில் ஜோல் நடுவயதில் நாயகனானார். பெண்களில் ‘ஓவர்வாட்ச்’ அறுபது வயது ஆனா போன்றவர்கள் அரிது. பெரிய நிறுவனங்கள் தயங்கும் இந்த இடத்துக்கு 2023இல் டொராண்டோவின் சிறிய நிறுவனமான விசை கேம்ஸ் ‘வெண்பா’ கேமோடு வந்தது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்ப் பெண் வெண்பா சேலை உடுத்துகிறாள், இட்லி வேகவைக்கிறாள், மகன் கவின் வளர வளர அவளும் மூப்படைகிறாள். அவள் உடலைக் கேம் எந்தக் கோணத்திலும் காட்சிக்கு வைக்கவில்லை. சமைக்கும் கைகளும் களைத்த முகமுமே அதற்குப் போதுமானவையாக இருந்தன. 2024இல் அந்த கேம் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதைப் பெற்றது.